பகலில் லைடார்: திருகோணமலைக்கு எந்த ஒளிவடிகட்டி, அதை லேசர்க் கோட்டில் நிறுத்துவது எப்படி

கேள்வி இதுதான்: கொட்டியாரக் குடாவின் மேலுள்ள காற்றில் கடலுப்புத் துகள்களையும் தூசியையும் அளப்பதற்கு 532 நனோமீற்றர் லைடார் (லேசர்த் துடிப்பை வானில் அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி) ஒன்று, செங்குத்தாக மேலே பார்த்தபடி, திருகோணமலையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. தொலைநோக்கி 20 சென்ரிமீற்றர் விட்டமும் 800 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்டது. பார்வைப் புலம் 1 மில்லிரேடியன், வடிகட்டியின் அகலம் 1 நனோமீற்றர், உணரி, ஒளித்துகள்களை (போட்டோன்) ஒன்றொன்றாக எண்ணும் பி.எம்.டி. என்ற ஒளிப்பெருக்கிக் குழாய். லேசர் சாதாரண என்டி-யாக் வகை. அதன் அலைநீளத்தைக் குறுகலாகக் கட்டிவைக்கும் சிறு விதை லேசர் இல்லை. இரவில் 8 கிலோமீற்றர் வரை நல்ல சமிக்ஞை வருகிறது. வெயில் ஏறியதும் 1 கிலோமீற்றருக்கு மேல் இரைச்சல்தான். அலைநீளத்தை நகர்த்திச் சரிசெய்யக்கூடிய குறுகிய வடிகட்டி ஒன்றை வாங்கினால் பிரச்சினை தீருமா, எந்த வகையை வாங்குவது?

தீரும். ஆனால் பட்டியலில் கண்ணைப் பறிக்கும் மிகக் குறுகிய வடிகட்டியால் அல்ல. வடிகட்டியைக் குறுக்கக் குறுக்க, அதை லேசர்க் கோட்டின் மேல் பிடித்து வைத்திருக்கும் வேலை பெருகிக்கொண்டே போகும். எவ்வளவு குறுகியதை உங்களால் நாள் முழுவதும் கோட்டில் நிறுத்த முடியுமோ அதுவே உங்களுக்கு உரிய வடிகட்டி. அதைத் தீர்மானிப்பவை லேசரின் நிறமாலை அகலமும், பார்வைப் புலமும், திருகோணமலை வெயிலில் பெட்டிக்குள் ஏறும் வெப்பமும்.

முதலில் பகல் வெளிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். தெளிந்த பகல் வானத்தின் பிரகாசம் 532 நனோமீற்றரில், சதுர மீற்றருக்கும் ஸ்டெரேடியனுக்கும் நனோமீற்றருக்கும் ஏறத்தாழ 0.1 வாட். உங்கள் தொலைநோக்கியின் பரப்பு 0.0314 சதுர மீற்றர். 1 மில்லிரேடியன் முழுக்கோணத்துக்குத் திண்மக் கோணம் ஒரு ஸ்டெரேடியனின் 10 இலட்சத்தில் 0.785 பங்கு. இவற்றோடு 1 நனோமீற்றர் அகலத்தையும் பெருக்கினால் சுமார் 2.5 நனோவாட் உள்ளே வருகிறது. ஒளியியல் பாகங்கள் 30 சதவீதத்தைக் கடத்துவதாகவும், குழாயின் குவாண்டம் திறன் (விழும் போட்டோன்களில் அது எண்ணும் பங்கு) 15 சதவீதம் என்றும் வைத்தால், நொடிக்குச் சுமார் 30 கோடி எண்ணிக்கை. போட்டோன் எண்ணும் முறையில் ஒரு பி.எம்.டி. நேர்கோட்டில் பதில் சொல்வது ஒரு சில கோடி வரைதான், அதுவும் செயலற்ற நேரத்துக்கான (ஒரு போட்டோனை எண்ணியதும் அடுத்ததை எண்ண முடியாத கணம்) திருத்தத்தோடு. அதாவது உங்கள் குழாய் பகலில் இரைச்சலைக் காட்டவில்லை. நிரம்பி வழிந்து குருடாகிக் கிடக்கிறது. இது தெளிந்த வானத்துக்கான கணக்கு. வெயில் பட்ட வெண்முகில் இதைவிட நான்கு மடங்கு வரை பிரகாசமாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் குடாவின் மேல் அத்தகைய முகிலுக்குப் பஞ்சமில்லை.

இனி, வடிகட்டியைத் தொடுவதற்கு முன் பார்வைப் புலத்தைத் தொடுங்கள். பின்னணி வெளிச்சம் வடிகட்டி அகலத்துக்கு நேர்விகிதம். பார்வைப் புலத்துக்கோ வர்க்க விகிதம். 1 மில்லிரேடியனை 0.5 ஆக்கினால் பின்னணி நான்கில் ஒன்றாகிறது. இதற்குத் தேவை குவியத்தில் 0.8 மில்லிமீற்றர் துளைக்குப் பதிலாக 0.4 மில்லிமீற்றர் துளை, கூடவே லேசர்க் கற்றையை விரிக்கும் மூன்று மடங்கு விரிப்பான். விரிப்பான் கற்றையின் விரிகோணத்தை 0.6 மில்லிரேடியனிலிருந்து 0.2 ஆகக் குறைக்கும். விரிப்பான் இல்லாமல் துளையை மட்டும் சிறிதாக்கினால் சமிக்ஞையையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்; பலரும் இடறும் இடம் இது. இன்னொரு விலையும் உண்டு: லேசருக்கும் தொலைநோக்கி அச்சுக்கும் 20 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்து இரண்டும் இணையாக இருந்தால், கற்றை முழுதாகப் புலத்துக்குள் வரும் தூரம் சுமார் 1.3 கிலோமீற்றருக்குத் தள்ளிப்போகும். கடலுப்பின் பெரும்பகுதி முதல் கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது. ஆகவே கற்றையைத் தொலைநோக்கியின் இரண்டாம் ஆடிக்குப் பின்னால் கொண்டுவந்து ஒரே அச்சில் அனுப்புவதை நான் வலியுறுத்துவேன். நுண்துடிப்பு லைடார்கள் மிகச் சிறிய துடிப்புச் சக்தியோடு பகலில் இயங்குவதற்குக் காரணம் வடிகட்டி மட்டுமல்ல. அவற்றின் பார்வைப் புலம் 0.1 மில்லிரேடியன் அளவுக்குக் குறுகியது.

அடுத்தது லேசர். விதை லேசர் இல்லாத, கியூ-சுவிட்ச் செய்த என்டி-யாக் லேசரின் நிறமாலை அகலம் பெரும்பாலும் 30 கிகாஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். 532 நனோமீற்றரில் இது ஏறத்தாழ 28 பிக்கோமீற்றர். விதை லேசரால் கட்டுப்படுத்தப்பட்டதில் அகலம் 0.1 கிகாஹேர்ட்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 10 பிக்கோமீற்றர் எட்டலான் (இரு இணையான பிரதிபலிப்புப் பரப்புகளால் ஆன மிகக் குறுகிய வடிகட்டி) வாங்கி, விதையற்ற லேசரின் முன் வைத்தால், சொந்தச் சமிக்ஞையின் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். பின்னணி குறைந்ததைப் பார்த்து மகிழ்வீர்கள், சமிக்ஞையும் குறைந்ததைக் கவனிக்கமாட்டீர்கள். எனவே உங்கள் லேசருக்கு எட்டலான் இப்போது வேண்டாம். உங்களுக்கு வேண்டியது 0.3 நனோமீற்றர் அகலமுள்ள, கடினப் பூச்சுக் குறுக்கீட்டு வடிகட்டி. அதைச் சூடாக்கவும் சாய்க்கவும் கூடிய தாங்கி. 0.5 மில்லிரேடியன் புலத்தோடு இது பின்னணியை நொடிக்கு 2.2 கோடி எண்ணிக்கைக்கு இறக்கும். 200 நனோநொடி, அதாவது 30 மீற்றர் இடைவெளி ஒன்றுக்கு, ஒரு துடிப்பில் 4 அல்லது 5 எண்ணிக்கை. குழாயின் செயலற்ற நேரம் 10 நனோநொடியானால் இழப்பு 20 சதவீதம் அளவில். அது திருத்தக்கூடிய அளவு. சமிக்ஞை–இரைச்சல் விகிதம், நிரம்பல் நீங்குவதை விட்டுப் பார்த்தாலும், மூன்றரை மடங்கு உயரும்.

இந்த வடிகட்டி எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சாய்த்தால் அதன் மையம் எப்போதும் குறுகிய அலைநீளத்தின் பக்கம்தான் போகும். நீண்ட பக்கம் ஒருபோதும் போகாது. பூச்சின் விளைவு முறிவுச் சுட்டி 2.0 என்றால், 532 நனோமீற்றரில் 1 பாகைக்கு 0.02 நனோமீற்றர், 2 பாகைக்கு 0.08, 3 பாகைக்கு 0.18, 5 பாகைக்கு 0.5. கோணத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் முதல் ஒரு பாகையில் அசைவே தெரியாது, பிறகு வேகமாக ஓடும். வெப்பமோ எதிர்த் திசை: சூடானால் மையம் நீண்ட பக்கம் போகும். நல்ல கடினப் பூச்சில் செல்சியஸ் ஒன்றுக்கு 0.005 நனோமீற்றர் அளவு; பழைய மென்பூச்சில் 0.02க்கு மேலும் போகும்.

திருகோணமலையில் இது ஏட்டுக் கணக்காக நின்றுவிடாது. உற்பத்தியாளர்கள் மைய அலைநீளத்தை வழக்கமாக 23 செல்சியஸில் குறிப்பிடுகிறார்கள். இங்கே கச்சான் வீசும் மாதங்களில் வெளியே 35 செல்சியஸ் சாதாரணம். மூடிய உலோகப் பெட்டி வெயிலில் நின்றால் உள்ளே 50ஐத் தொடும். இரவில் 26க்கு இறங்கும். கட்டுப்பாடு இல்லாத வடிகட்டி ஒரே நாளில் 0.12 நனோமீற்றர் அலையும். 0.3 நனோமீற்றர் வடிகட்டிக்கு அது அரை அகலத்தின் பெரும்பகுதி. இதன் பின்விளைவு சமிக்ஞைக் குறைவை விடக் கொடியது: ஒவ்வொரு நண்பகலும் தூசி குறைவதாக ஒரு பொய்யான நாளாந்தப் போக்கு உங்கள் தரவில் தோன்றும், அதை வளிமண்டலத்தின் குணம் என்று எழுதிவிடுவீர்கள்.

இந்த ஊரின் வெயிலில் குளிரூட்டிப் பிடிப்பதைவிடச் சூடாக்கிப் பிடிப்பது எளிது, பாதுகாப்பும் கூட. சூடேற்றி மட்டும் உள்ள அமைப்பு, சூழலைவிடக் குறைந்தது 10 செல்சியஸ் மேலே நின்றால்தான் கட்டுப்பாட்டில் இருக்கும். பெட்டிக்கு வெள்ளைப் பூச்சும், மேலே காற்றோடும் நிழற்கூரையும் கொடுத்து உட்புறத்தை 40க்குள் வைத்துக்கொண்டு, வடிகட்டியை 50 செல்சியஸில் நிறுத்துங்கள். 40 அல்லது 45இல் நிறுத்தினால் காலையில் அழகாக இயங்கும். நண்பகலில் சூடேற்றி முழுவதும் அணைந்து, வெப்பநிலை தன்பாட்டில் மேலேறும்.

விலைக்கோரலில் எழுத வேண்டியது இப்படி வரும். லேசரின் காற்று அலைநீளம் 532.1 என்று வையுங்கள். 23 செல்சியஸில், நேர்ப்படு கோணத்தில் (ஒளி செங்குத்தாக விழும்போது) வடிகட்டியின் மையம் 532.1க்கும் 532.2க்கும் இடையில் இருக்க வேண்டும், கீழே இறங்கவே கூடாது. 50 செல்சியஸில் அது 532.235 முதல் 532.335 வரை போகும், 2.6 முதல் 3.4 பாகை வரை சாய்த்தால் 532.1க்கு வந்து சேரும். இவ்வாறு வாங்கினால் இரு பக்கமும் நகர்த்த இடம் இருக்கிறது. ‘532 ± 0.1’ என்று மட்டும் எழுதினால், மையம் 531.9இல் உள்ள வடிகட்டி வந்தாலும் விற்றவர் மேல் குறை சொல்ல முடியாது. அதை எவ்வளவு சாய்த்தும் கோட்டுக்குக் கொண்டுவர முடியாது. இன்னொன்றையும் அழுத்தமாகக் கேளுங்கள்: எண் காற்றுக்கா வெற்றிடத்துக்கா? 532இல் இரண்டுக்கும் 0.15 நனோமீற்றர் வித்தியாசம். 1 நனோமீற்றர் வடிகட்டியில் எவரும் கவனிக்காத இந்த வித்தியாசம், 0.3இல் உங்களை விளிம்புக்குத் தள்ளிவிடும்.

தாங்கியைச் செய்வது கடினமல்ல. 25 மில்லிமீற்றர் வடிகட்டியை அலுமினிய வளையத்தில், இறுக்காமல், மெல்லிய சிலிக்கன் வளையத்தால் பிடியுங்கள். வளையத்தைச் சுற்றி 5 முதல் 10 வாட் பட்டைச் சூடேற்றி. 10 கிலோஓம் தெர்மிஸ்டரை (வெப்பநிலை உணரி) வடிகட்டியின் விளிம்புக்கு அருகில் பதியுங்கள். சூடேற்றிக்கு அருகில் வைத்தால் சூடேற்றியின் வெப்பநிலையைத்தான் கட்டுப்படுத்துவீர்கள், கண்ணாடியின் வெப்பநிலையை அல்ல. வளையத்துக்கும் சாய்வு மேடைக்கும் இடையே டெஃப்லோன் துண்டுகள். இரு பக்கமும் பிரதிபலிப்பெதிர்ப்புப் பூச்சுள்ள சாளரங்கள் இருந்தால் காற்றோட்டத்தால் நடுப்பகுதி குளிராது. வெப்பநிலை 0.5 செல்சியஸுக்குள் நின்றாலே குறுக்கீட்டு வடிகட்டிக்குப் போதும். 70 செல்சியஸில் மின்னை வெட்டும் தனிச் சுவிட்ச் ஒன்று கட்டாயம். தெர்மிஸ்டர் கம்பி அறுந்தால் சில கட்டுப்பாட்டுக் கருவிகள் முழுச் சக்தியில் சூடாக்கத் தொடங்கிவிடும். மின்வெட்டுக்குப் பின் ஒரு மணிநேரம் தரவை ஏற்காதீர்கள், அல்லது சூடேற்றிக்கு மட்டும் ஒரு சிறு யூ.பி.எஸ். கொடுங்கள்.

வடிகட்டியின் முன் ஒளி எவ்வளவு இணையாக இருக்கிறது என்பதும் சமமாக முக்கியம். தொலைநோக்கி 200 மில்லிமீற்றரை 20 மில்லிமீற்றர் கற்றையாகச் சுருக்கும்போது (80 மில்லிமீற்றர் குவியத்தூர வில்லை இதைச் செய்யும்) புலக்கோணம் 10 மடங்கு பெருகுகிறது: 0.5 மில்லிரேடியன் 5 ஆகிறது. 3 பாகை சாய்வில் இது மைய அலைநீளத்தைச் சுமார் 35 பிக்கோமீற்றர் பரப்பும், 0.3 நனோமீற்றர் வடிகட்டி தாங்கிக்கொள்ளும். இடத்தைச் சேமிக்கலாம் என்று கற்றையை 5 மில்லிமீற்றராகச் சுருக்கினால் பரவல் நான்கு மடங்காகி, குறுகிய வடிகட்டிக்குக் கொடுத்த பணம் வீணாகும்.

கோட்டைத் தேடும் வேலையை இரவில் செய்யுங்கள். பகல் வானத்தைப் பார்த்துச் சாய்வைச் சரிசெய்ய முயல்வதில் பயனில்லை: வான ஒளி தொடர் நிறமாலை, எந்தச் சாய்விலும் ஏறக்குறைய ஒரே அளவு கடக்கும். முகிலற்ற, காற்று அடங்கிய இரவொன்றில் 1.5 முதல் 2.5 கிலோமீற்றர் வரையிலான சமிக்ஞையைக் கூட்டி எடுத்து, வடிகட்டி 50 செல்சியஸில் நிலைத்தபின், சாய்வை −5 முதல் +5 பாகை வரை 0.2 பாகைப் படியில் நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் 1,000 துடிப்புகளின் சராசரியைக் குறியுங்கள். தேடலின் நடுவே காற்று மாறிவிட்டதா என்று அறிய, தொடக்கச் சாய்வுக்கு இடையிடையே திரும்பி வந்து ஒப்பிடுங்கள். இரண்டு உச்சங்கள் தோன்ற வேண்டும், ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். இரண்டின் நடுப்புள்ளிதான் உண்மையான நேர்ப்படு நிலை. உங்கள் சாய்வளவியின் பூச்சியம் அதிலிருந்து விலகியிருந்தால் அந்த விலகலை எழுதி வையுங்கள். இரண்டுக்குப் பதிலாக நடுவில் ஒரே உச்சம் மட்டும் தெரிந்தால், வடிகட்டியின் மையம் லேசரிலேயே அல்லது அதைவிடக் குறுகிய பக்கத்தில் இருக்கிறது. வெப்பநிலையை 5 செல்சியஸ் உயர்த்தி மீண்டும் பாருங்கள்: உச்சம் உயர்ந்தாலோ இரண்டாகப் பிரிந்தாலோ உங்கள் ஊகம் சரி.

முனைவாக்க விகிதத்தையும் (திரும்பும் ஒளியில் முனைவாக்கத் தளம் மாறியதன் அளவு) அளப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சாய்ந்த வடிகட்டி இரு முனைவாக்கங்களையும் சற்று வேறுவிதமாகக் கடத்தும். 5 பாகைக்கு மேல் அந்த வேறுபாடு பொருட்படுத்த வேண்டியதாகிறது. கடலுப்பு ஈரமாக, கோள வடிவில் இருக்கையில் விகிதம் மிகச் சிறியது. காய்ந்த தூசியில் அது பெரியது. இந்த இரண்டையும் பிரித்தறிவதே உங்கள் நோக்கமென்றால், வடிகட்டியை முனைவாக்கப் பிரிப்பானுக்கு முன்னால், லேசரின் முனைவாக்கத் தளத்திலேயே சாய்த்து, சாய்வை மாற்றிய ஒவ்வொரு முறையும் அளவுத்திருத்தத்தைப் புதிதாகச் செய்யுங்கள்.

பின்னாளில் விதை லேசர் கிடைத்தால் எட்டலானுக்குப் போகலாம், அப்போது கதை வேறு. 0.5 மில்லிமீற்றர் காற்றிடைவெளியும் 90 சதவீதப் பிரதிபலிப்பும் உள்ள எட்டலானில், கடத்தும் உச்சங்கள் 0.283 நனோமீற்றருக்கு ஒன்றாக வரும். கூர்மை எண் (உச்சங்களின் இடைவெளியை ஓர் உச்சத்தின் அகலத்தால் வகுத்தது) சுமார் 30. ஆகவே ஒவ்வொரு உச்சமும் 10 பிக்கோமீற்றருக்குச் சற்றுக் குறைவான அகலம், மீடிறனில் 10 கிகாஹேர்ட்ஸ். தட்டுகளின் தட்டைத்தன்மை அலைநீளத்தின் நூறில் ஒன்றாக இருந்தாலும் கூர்மை எண் 26 அளவுக்கு இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்து உச்சங்களை அடைப்பதற்கு 0.3 நனோமீற்றர் வடிகட்டி அப்படியே முன்னால் தொடர்ந்து இருக்க வேண்டும். எனவே இப்போது வாங்குவது வீண்போகாது. இரண்டும் சேர்ந்து பின்னணி அகலத்தை ஏறக்குறைய 18 மடங்கு குறைக்கும். எட்டலானின் உச்சக் கடத்தல் 65 சதவீதம் என்றால், சமிக்ஞை–இரைச்சல் விகிதம் மேலும் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாகக் கூடும். விண்கலங்கள் இந்த வழியில்தான் போயின: 2006இல் ஏவப்பட்ட கலிப்சோவின் 532 நனோமீற்றர் வழியில் சுமார் 37 பிக்கோமீற்றர் எட்டலான் இருந்தது, 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2இன் எட்டலான்கள் வெப்பத்தால் லேசர்க் கோட்டுக்கு இசைக்கப்படுகின்றன.

எட்டலானைச் சாய்த்து இசைக்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் குறுக்கீட்டு வடிகட்டியில் பழகிய கை தானாகவே சாய்வுத் திருகுக்குப் போகும். நேர்ப்படு நிலையில் புலக்கோணத்தின் விளைவு அதன் வர்க்கமாகத்தான் வரும்: 0.5 மில்லிரேடியன் புலத்துக்கு 1.7 பிக்கோமீற்றர் மட்டும். (1 மில்லிரேடியனானால் 6.6; பார்வைப் புலத்தை முதலில் சுருக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.) சாய்த்தவுடன் விளைவு சாய்வுக்கு நேர்விகிதமாகிறது. திண்மச் சிலிக்கா எட்டலானை அரைப் பாகை சாய்த்தாலே பரவல் 11 பிக்கோமீற்றர், வடிகட்டியின் முழு அகலத்துக்கும் மேல். காற்றிடைவெளி எட்டலானில் அது இன்னும் மோசம். உச்சம் மழுங்கிப் பரந்து, வாங்கிய கூர்மை போய்விடும்.

எட்டலானை இசைக்க மிஞ்சுவது வெப்பம், பீசோ (மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணளவு நீளும் பொருள்), அமுக்கம். திண்மச் சிலிக்கா எட்டலான் செல்சியஸ் ஒன்றுக்கு 3.9 பிக்கோமீற்றர், அதாவது 4.2 கிகாஹேர்ட்ஸ் நகரும். இலேசானது, அசையும் பாகமே இல்லாதது, எனக்கு மிகப் பிடித்த தீர்வு. ஆனால் ஒரு உச்சத்திலிருந்து அடுத்ததற்குப் போக 70 செல்சியஸுக்கு மேல் மாற்ற வேண்டியிருக்கும். எனவே உங்கள் கோடு 50 முதல் 60 செல்சியஸுக்குள் விழும்படி தடிப்பைத் தெரிவு செய்து தரச் சொல்லி வாங்க வேண்டும். கட்டுப்பாடு 0.05 செல்சியஸுக்குள் நின்றால் விலகல் 0.2 கிகாஹேர்ட்ஸ், அது தாராளமாகப் போதும். பீசோ வேகமானது, தட்டை 266 நனோமீற்றர் நகர்த்தினால் ஒரு முழு உச்சத் தூரம் கடந்துவிடும். ஆனால் பீசோ ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றல்ல, நிறுத்திய பிறகும் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். கொள்ளளவு உணரியோடு மூடிய கட்டுப்பாட்டில் உள்ளதைத் தவிர மற்றதை நம்ப வேண்டாம். அமுக்கம் மிக மென்மையான இசைவைத் தரும்: வெற்றிடத்திலிருந்து ஒரு வளிமண்டலம் வரை உயர்த்தினால் காற்றிடைவெளி எட்டலான் 0.148 நனோமீற்றர் நகரும். அதே குணம் திறந்த எட்டலானுக்கு எதிரியாகிறது. ஒரு ஹெக்டோபஸ்கலுக்கு சுமார் 0.155 கிகாஹேர்ட்ஸ்; நமது அகலாங்கில் காற்றமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது, காலை 10 மணியளவில் உச்சம், மாலை 4 மணியளவில் தாழ்வு, இடையே 3 ஹெக்டோபஸ்கல் அளவு. 10 கிகாஹேர்ட்ஸ் எட்டலானுக்கு இது சிறியது. 1 கிகாஹேர்ட்ஸ் எட்டலானுக்கு நாளையே கெடுக்கும். மூடி முத்திரையிட்ட கலத்தில் வாங்குங்கள்.

எட்டலான் கோட்டில் இருக்கிறதா என்பதை எப்போதும் ஏதாவது ஒன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியேறும் லேசரில் மிகச் சிறு பங்கை ஒளியிழை வழியாக எடுத்து, எட்டலானின் ஓரப்பகுதி ஊடாக ஒரு போட்டோடயோட்டுக்கும், எட்டலான் இல்லாமல் இன்னொரு போட்டோடயோட்டுக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு துடிப்பின் சக்தியும் சற்று வேறுபடுவதால் இரண்டின் விகிதத்தை மட்டும் பாருங்கள். உச்சத்தின் இரு பக்கமும் அகலத்தின் பத்தில் ஒரு பங்கு நகர்த்தி, இரு விகிதங்களின் வித்தியாசத்தைப் பிழைச் சமிக்ஞையாக எடுத்து, மெதுவாகத் திருத்துங்கள். அவசரத் திருத்தம் லேசரின் ஒவ்வொரு சிறு அசைவையும் துரத்தி ஓடும்.

உச்சத்திலிருந்து விலகுவதில் ஒரு நுட்பமான தீங்கு இருக்கிறது. காற்று மூலக்கூறுகளிலிருந்து திரும்பும் ஒளி, வெப்ப அசைவால் 2.6 கிகாஹேர்ட்ஸ் அளவுக்கு அகன்றிருக்கும். துகள்களிலிருந்து திரும்புவது லேசர் அளவுக்கே குறுகியது. எட்டலான் விலகினால் இரண்டும் ஒரே விகிதத்தில் குறையாது. மூலக்கூறுச் சமிக்ஞையை வைத்துத் துகளை அளவுத்திருத்தம் செய்யும் எவருக்கும் இது நேரடிப் பிழை. இதே வேறுபாட்டை வேண்டுமென்றே பயன்படுத்துபவைதான் உயர் நிறமாலைப் பிரிதிறன் லைடார்கள். 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கெயார் செய்மதியின் லைடார் 355 நனோமீற்றரில் எட்டலானைக் கொண்டு இரண்டையும் பிரிக்கிறது. கற்றையைக் குடாவின் நீருக்குள் அனுப்பும் எண்ணம் எப்போதாவது வந்தால், நீரின் பிரில்லூவன் சிதறல் (நீரிலுள்ள ஒலியலைகளால் மீடிறன் மாறித் திரும்பும் ஒளி) 532இல் 7 முதல் 8 கிகாஹேர்ட்ஸ் தள்ளி இருபுறமும் வரும். 10 கிகாஹேர்ட்ஸ் எட்டலான் அதன் பெரும்பகுதியை வெட்டிவிடும்.

மற்ற சரிசெய்யும் வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. திரவப்படிக வடிகட்டிகளும், தெலூரியம் ஈரொட்சைட்டில் ஒலியலையால் இயங்குபவையும் பரந்த அலைநீள வீச்சில் தாவக்கூடியவை. ஆனால் முதலாவது பல நனோமீற்றர் அகலம், இரண்டாவது ஏறத்தாழ ஒன்றும் அதற்கு மேலும். ஒளிர்வை அளப்பதற்கு அவை நல்லவை. பகல் வானத்துக்கு எதிராக உங்களுக்கு உதவா. அணுவாவியைக் காந்தப்புலத்தில் வைத்துச் செய்யும் ஃபாரடே வடிகட்டி மிகக் குறுகியது, தானாகவே கோட்டில் நிற்பது. ஆனால் அது சோடியத்தின் 589, பொட்டாசியத்தின் 770 போன்ற அணுக்கோடுகளில் மட்டும். அந்த அலைநீள லைடார்கள் மேல்வளிமண்டலத்தைப் பகலிலும் அளக்க அதையே பயன்படுத்துகின்றன.

இனி இந்த ஊருக்கே உரியவை. வெப்பம் கூடிய ஈரக்காற்று நாட்களில் பனிபடுநிலை 24, 25 செல்சியஸ் வரை போகும். குளிரூட்டிய அறையில் 22இல் இருந்த பெட்டியை வெளியே திறந்தால் வில்லைகளில் உடனே நீர் படியும். மென்பூச்சு வடிகட்டிக்கு அது நீண்டகாலக் கேடு. பெட்டி வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தித் திரும்ப வையுங்கள். கடற்காற்று வெளிச்சாளரத்தில் உப்பைப் படிய வைக்கும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் வடிநீரால் கரைத்து, பிறகு வில்லைத் தாளும் தூய அற்ககோலும் கொண்டு ஒரே திசையில் இழுங்கள்.

செங்குத்தாகப் பார்க்கும் தொலைநோக்கி உங்களிடம் இருப்பதால் இதைக் கட்டாயம் படியுங்கள். திருகோணமலை 8.57 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் 12 அளவிலும் ஓகஸ்ட் 31 அளவிலும் சூரியன் நேர் உச்சியைக் கடக்கும், நேரம் ஏறத்தாழ பகல் 12 மணி 5 நிமிடம். 20 சென்ரிமீற்றர் ஆடி அப்போது 30 வாட் அளவு வெயிலை 7 மில்லிமீற்றர் வட்டமாகக் குவியத்தில் குவிக்கும். துளைத்தகடு கருகும், வில்லைப் பசை உருகும், துளை வழியே போவது குழாயையும் கொல்லும். இவ்விரு நாட்களுக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் பகல் 11.30 முதல் 12.40 வரை மூடியைப் போட்டுவிடுங்கள். இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே, 15 பாகை வரை தள்ளி நிற்கும். தொலைநோக்கியை 10 பாகை தெற்கே சாய்த்தால் பாதுகாப்பு, வடிகட்டிக்குள் சிதறும் ஒளியும் குறையும். கற்றையை மேலே அனுப்புமுன், சீனன்குடா விமானத்தளம் அருகில் இருப்பதால், விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதியையும் இயக்க நேரத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வேலையின் ஒழுங்கு இது: இந்த வாரம் 0.4 மில்லிமீற்றர் துளையையும் கற்றை விரிப்பானையும் பொருத்தி, பகல் எண்ணிக்கை 30 கோடியிலிருந்து 7.5 கோடி அளவுக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். குழாய் நிரம்பிக் கிடப்பதால் இதை நேரடியாக அளக்க முடியாது. குழாயின் முன் 100இல் ஒன்றைக் கடத்தும் நடுநிலை வடிகட்டியை வைத்து அளந்து, 100ஆல் பெருக்குங்கள். இறங்கவில்லை என்றால் வெளிச்சம் துளையைச் சுற்றி எங்கோ கசிகிறது. கறுப்புத் துணியால் ஒவ்வொரு இணைப்பாக மூடிக் கண்டுபிடியுங்கள். கசிவு இருக்கும்வரை எந்த வடிகட்டியும் உதவாது. அது முடிந்ததும் வடிகட்டிக்கு விலை கேளுங்கள்.